சின்னப் பிள்ளைக்கு வீட்டுலயே பைபிளும் ஓவியமும்: பாடத்திட்டம் எப்படி தேர்ந்தெடுக்கறது

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல எங்க வீடு பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்துல இருக்கு, இப்ப அதுல பாதி செம்பனையா (எண்ணெய்ப் பனை) மாறிடுச்சு. மகளுக்கு அஞ்சு வயசு, நானே வீட்டுல வச்சு சொல்லிக்குடுக்கறேன். சபையில பாக்கற அம்மாங்க எல்லாம் என்ன புக்கு வச்சிருக்கீங்க, எங்க வாங்கினீங்க, எவ்ளோ ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கணக்குக்கும் எழுத்துக்கும் யாரும் கேக்கல, அதுக்கு கடையில புக்கு குவிஞ்சு கிடக்கு. பைபிளுக்கும் ஓவியத்துக்கும்தான் எல்லாரும் தடுமாறறாங்க, நானும் தடுமாறினேன், அதனால தெரிஞ்சத எல்லாம் ஒரே எடத்துல எழுதிடறேன்.

மொதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன். ஒரு வெளிநாட்டு கம்பெனியோட முழு வருஷ பாக்ஸ் ஒன்னு, பைபிள், ஓவியம், கதை எல்லாம் சேந்து வரும்னு போட்டிருந்தாங்க, தபால் செலவோட அறுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆச்சு. மூணு வாரம் காத்திருந்து பெட்டிய தொறந்தா மொத ஓவியப் பாடமே வெளிய போயி கீழ விழுந்த செவப்பு இலையெல்லாம் பொறுக்கிட்டு வாங்கன்னு இருக்கு, அதுவும் செப்டம்பர் மாசம். எங்க ஊர்லயும் இலை செவக்கும், ரப்பர் மரம் இலை உதுக்கறது பிப்ரவரி மார்ச்சுலதான், செப்டம்பர்ல வெளிய போனா பச்சையும் மழையும்தான் இருக்கு. ரெண்டாவது மாசம் பனி மனுசன். ஒரு பைபிள் பாடத்துக்கு அம்மா படிச்சுக் காட்ட வேண்டியதே ஆறு பக்கம், முடிக்க முக்கா மணி நேரம் ஆவும், என் மக பன்னெண்டு நிமிசம் தாண்டி உக்காரமாட்டா. அந்த பாக்ஸ்ல குத்தம்னு சொல்லமாட்டேன், அது வேற ஊர்ப் பிள்ளைக்கு செஞ்சது. பிள்ளையையும் ஊரையும் மொதல்ல பாக்காம புக்க மொதல்ல பாத்ததுதான் என் தப்பு.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஒன்னு செய்யுங்க. நெறைய கம்பெனிங்க மொத வாரத்துப் பாடத்த சாம்பிளா சும்மாவே குடுக்கறாங்க, அத டவுன்லோட் பண்ணி கடையில பிரிண்ட் எடுத்து ரெண்டு வாரம் அதுல இருக்கற மாதிரியே செஞ்சு பாருங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க, ஏன்னா நாம நல்லா மாத்தி மாத்தி சொல்லிக்குடுத்துட்டு புக்கு நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவோம். ரெண்டு வாரம் கழிச்சு பிள்ளை அந்தக் கதைய தானா தாத்தாகிட்ட போயி சொல்லுதா, வெளையாடறப்போ அது வருதா, அத பாருங்க. சாம்பிள் குடுக்காத கம்பெனிக்கு நான் இப்பல்லாம் காசு கட்டறதே இல்ல.

இப்ப பைபிளுக்கு வரேன்.

எந்த புக்கா இருந்தாலும் உங்க சபைக்கு ஒத்து வருதான்னு மொதல்ல பாருங்க. கத்தோலிக்கருக்கு 73 புஸ்தகம், நம்ம மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தேகோஸ்தே பக்கம் 66, ஞானஸ்நானம் எப்ப குடுக்கறது, திருவிருந்துன்னா என்ன, இதெல்லாம் ஒவ்வொரு சபையில ஒவ்வொரு மாதிரி. அந்த கம்பெனியோட வெப்சைட்ல நாங்க இத விசுவாசிக்கறோம்னு ஒரு பக்கம் இருக்கும், ஒரு காப்பி குடிக்கற நேரத்துல படிச்சிடலாம். புரியலன்னா போதகர்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ காட்டுங்க. ஞாயித்துக்கிழம சண்டே ஸ்கூல்ல ஒன்னு, திங்கக்கிழம வீட்டுல வேற ஒன்னுன்னு போனா பிள்ளைதான் குழம்பும்.

அப்புறம் கதைங்க எந்த வரிசையில வருதுன்னு பாருங்க. நெறைய சின்னப் பிள்ளைங்க புக்குல ஒரு வாரம் தாவீது, அடுத்த வாரம் நோவா, அதுக்கு அடுத்த வாரம் சகேயு, ஒவ்வொன்னுக்கும் கீழ நாமளும் தைரியமா இருக்கணும், நாமளும் கீழ்ப்படியணும்னு ஒரு வரி. அப்படி படிச்ச பிள்ளைக்கு பைபிள்னா நல்ல பிள்ளையா இருக்கச் சொல்ற புக்குன்னுதான் படும். ஆதியாகமத்துல தொடங்கி ஆபிரகாம், யோசேப்பு, மோசே, தாவீது, கடைசியில இயேசுன்னு ஒரே நூல்ல கோத்த மாதிரி போற புக்கா பாத்து எடுங்க. யோசேப்ப குழியில போட்ட அண்ணன்மாரு அப்பறம் அவன்கிட்டயே அரிசி கேட்டு வந்தாங்கல்ல, அதுல தேவன் என்னா செஞ்சாருன்னு பிள்ளை கேக்கணும். (கோதுமைதான், எங்க வீட்டுல அது அரிசியாயிடுச்சு, பரவால்ல.) இந்த வயசுல வருஷத்துக்கு முப்பது கதை போதும், நூத்தி இருபது இருக்குன்னு பெருமையா போட்டிருந்தா தள்ளி வைங்க.

மொழி விசயத்துல நான் கொஞ்சம் புடிவாதம். வாங்கற பாடத்திட்டம் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் கெடைக்கும், அது ஒன்னும் தப்பில்ல, ஆனா கதைய தமிழ்ல சொல்லுங்க, வசனத்த தமிழ்ல மனப்பாடம் பண்ண வைங்க. இங்கிலீஷ் வசனம் பின்னாடி எப்ப வேணாலும் வரும், பாட்டி தாத்தா இருக்கறப்பவே தமிழ் வசனம் வந்தாதான் அவங்களோட சேந்து சொல்ல முடியும். எந்த மொழிபெயர்ப்புன்னு கேட்டா, சங்கீதம் 23 ரெண்டுலயும் படிச்சுப் பாருங்க. நம்ம பழைய பைபிள்ல "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". 1995ல கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் ரெண்டு பக்கமும் சேந்து வெளியிட்ட திருவிவிலியத்துல "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை". என் மகளுக்கு தாழ்ச்சின்னா என்னான்னு புரியல, குறையில்லன்னா டக்குனு புரிஞ்சிடுச்சு. இருந்தாலும் நாங்க மனப்பாடம் பண்ணது பழசத்தான், ஏன்னா என் மாமியாரும் எங்க சபையும் அதத்தான் சொல்றாங்க, விளக்கம் சொல்றப்போ மட்டும் புதுச எடுத்துக்குவேன். யூவெர்ஷன்ங்கற பைபிள் ஆப்ல தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்னுக்கு மேல சும்மாவே இருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். மனன வசனம் ரெண்டு வாரத்துக்கு ஒன்னு, அதுக்கு மேல வேணாம்.

இன்னொன்னு, வீட்டுல இருக்கற பெரியவங்க எந்த பாடத்திட்டத்துலயும் இல்லாத ஒரு பாகம். இத நடந்தத வச்சே சொல்றேன். மத்தேயு 20ல அந்தத் தோட்டத்து வேலக்காரங்க கதை வருதுல்ல, வீட்டெஜமான் விடியக்காலையில போயி ஆள் எடுக்கறாரு, ஒரு நாளைக்கு ஒரு பணம்னு கூலி பேசறாரு, அப்புறம் ஒம்போது மணிக்கு, பன்னெண்டு மணிக்கு, மூணு மணிக்கு, கடைசியா அஞ்சு மணிக்கும் போயி ஆள் எடுத்து எல்லாருக்கும் ஒரே கூலி குடுக்கறாரு. நான் திராட்சத்தோட்டம்னு படிச்சேன். மக, "நம்ம தோட்டமா அம்மா"ன்னு கேட்டா. எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல, நமக்கு எஸ்டேட்டும் தோட்டம்தான், பைபிள்ல இருக்கறதும் தோட்டம்தான். பக்கத்துல என் மாமனாரு தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாரு, முப்பது வருஷத்துக்கு மேல பால் மரம் வெட்டுனவரு (ரப்பர் மரத்த கீறி பால் எடுக்கற வேல), அவரு கப்ப கீழ வச்சிட்டு பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கறது, எப்படி இருக்கும்னு சொல்ல ஆரம்பிச்சாரு. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல எல்லாரும் வந்து நிக்கணும், மண்டோர், அதான் மேஸ்திரி, பேர் கூப்புடுவாரு, லேட்டா வந்தவங்கள சில நாள் திருப்பி அனுப்பிடுவாங்க, திரும்பிப் போறவன் மொகத்த பாக்க முடியாது, அன்னைக்கு அவன் வீட்டுல கூலி இல்லல்ல. அப்புறம் மெதுவா சொன்னாரு, "அஞ்சு மணி வரைக்கும் ஒருத்தன் நின்னுக்கிட்டே இருந்திருக்கான்னா, அவன யாரும் கூப்புடலன்னு அர்த்தம் பாப்பா." நான் அந்தக் கதைய எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், அந்த ஆள் பக்கம் நின்னு ஒருநாளும் கேட்டதில்ல. மக அன்னைக்கு சாயங்காலம் கறுப்புத் தாள்ல வரிசையா ஆளுங்கள வரைஞ்சா, இருட்டுல பால் வெட்டப் போறவங்க கட்டிக்கற மாதிரி ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் மஞ்சள்ல ஒரு லைட்டு, கடைசில நிக்கிற ஒருத்தருக்கு மட்டும் லைட்டு ரொம்பப் பெருசு.

அதனால பாடத்திட்டம் எடுக்கறப்போ அதுல எடம் இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு நிமிசத்துக்கும் இத சொல்லு அத ஒட்டுன்னு நெரப்பி வச்சிருந்தா தாத்தா பேச எங்க நேரம் இருக்கும். கதை, ரெண்டு கேள்வி, பிள்ளை திருப்பிச் சொல்றது, ஒரு ஜெபம், அவ்ளோதான் நல்ல பாடம்.

இங்க படத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும். புக்குல இயேசு நீலக் கண்ணும் பொன் நெற முடியுமா இருந்தா நான் வாங்கமாட்டேன். அவரு கலிலேயாவுல வளந்த யூதர், வெயில்ல தச்சு வேல பாத்தவரு. அஞ்சு வயசுல மனசுல பதிஞ்ச மொகம் லேசுல போவாது. வங்காளத்து ஓவியர் ஜாமினி ராய், 1887ல பொறந்தவரு, கிறிஸ்தவரே இல்ல, ஆனா இயேசுவ அவங்க நாட்டுப்புற பாணியில பெரிய பெரிய கண்ணோட வரைஞ்சிருக்காரு. அத ஃபோன்ல காட்டுனப்போ என் மக ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

இனி ஓவியம். இதுலதான் நெறைய பேரு ஏமாறறாங்க.

பைபிள் பாடத்தோட வர்ற கலரிங் தாளும், ஆட்டுக்குட்டி மேல பஞ்சு ஒட்டறதும் ஓவியப் பாடம் இல்ல. கைய சும்மா வச்சிருக்காம இருக்கறதுக்கு அது சரி, நானும் குடுக்கறேன், ஆனா அது பிள்ளைக்கு பாக்கக் கத்துக்குடுக்காது. அதே மாதிரி ஷாப்பிங் மால்ல நடக்கற வர்ணம் தீட்டும் போட்டிக்கு பயிற்சி குடுக்கற கிளாஸுங்க இருக்கு, ஆயில் பேஸ்டல்ல ஒரு கலர்லேருந்து இன்னொரு கலருக்கு எறக்கி எறக்கி தேக்கறது, எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி மேகம், ஒரே மாதிரி மீனு. பாக்க அழகா இருக்கும், பரிசும் கெடைக்கும், ஆனா அஞ்சு வயசுல அந்த மாதிரி பழக்கிட்டா தன் கண்ணால பாத்தத வரையறதுக்கு பயம் வந்துடும், அம்மா எப்படி வரையறதுன்னு காட்டுன்னு நிக்கும். எட்டு ஒம்போது வயசுக்கு அப்பறம் போகட்டுமே.

நல்ல ஓவியப் பாடத்திட்டத்துல ரெண்டு இருக்கணும், பிள்ளை தானா வரையறது ஒன்னு, பெரியவங்க வரைஞ்ச படத்தப் பாக்கறது இன்னொன்னு. ரெண்டாவது நெறைய புக்குல இருக்காது. அதுக்கு நான் எடுத்துக்கிட்டது ஷார்லட் மேசனோட வழி, 1842லேருந்து 1923 வரைக்கும் வாழ்ந்த இங்கிலாந்து ஆசிரியை. ஒரு தவணைக்கு ஒரே ஓவியர், அவரோட ஆறு படம், அவ்ளோதான். ஒரு படத்த ரெண்டு வாரம் செவத்துல ஒட்டி வைப்பேன். மொத நாளு பேசாம பாக்கணும், அப்பறம் தாள திருப்பி வச்சிட்டு என்னென்ன ஞாபகம் இருக்குன்னு சொல்லணும். நான் விளக்கம் குடுக்கறதே இல்ல, குடுத்தா அவ பாக்கறத நிறுத்திட்டு என் வாயப் பாப்பா.

மொத தவணைக்கு ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட எடுத்தோம், இத உங்களுக்கும் சொல்வேன், ஏன்னா பைபிள் பாடமும் இதுவும் தானா சேந்துக்கும். 1633ல வரைஞ்ச கலிலேயா கடல் புயல் படத்துல படகுல எத்தன பேருன்னு எண்ணச் சொல்லுங்க, பதினாலு பேர். இயேசு, பன்னெண்டு சீஷருங்க, பதினாலாவது ஆளு நம்மள நேரா பாத்துக்கிட்டு நிப்பாரு, அது ரெம்பிராண்டே. அந்தப் படம் 1990ல போஸ்டன்ல ஒரு மியூசியத்துலேருந்து திருடு போச்சு, இன்னும் கெடைக்கல, அத கேட்டதுலேருந்து என் மக அதுக்காகவும் ஜெபம் பண்றா. அப்புறம் கெட்ட குமாரன் திரும்பி வர்ற படம், கடைசி காலத்துல வரைஞ்சது, அப்பாவோட ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்காது, உத்துப் பாருங்க. தோட்டத்து வேலக்காரங்க கதையையே 1637ல வரைஞ்சிருக்காரு, ஜன்னல் பக்கம் முதலாளி உக்காந்திருக்காரு, முன்னாடி கூலிய பத்தி கேள்வி கேக்கற ஆளுங்க. மாமனாரு பாத்துட்டு எஸ்டேட் கிராணி (கணக்கப்பிள்ளை) ஆபீஸ் மாதிரியே இருக்குன்னாரு. இதுக்கெல்லாம் புக்கு வாங்க வேண்டியதில்ல, பழைய ஓவியங்க படம் இன்டர்நெட்ல பெரிய சைஸ்ல சும்மா கெடைக்குது, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம், வாஷிங்டன் நேஷனல் கேலரி ரெண்டுமே எறக்கிக்க விடறாங்க. ஃபோட்டோ கடையில நல்ல தாள்ல அடிச்சா ஆறு படத்துக்கு பத்து வெள்ளிக்குள்ள முடிஞ்சிடுச்சு எனக்கு. ரெண்டாவது தவணைக்கு நம்ம நாட்டு ஆளுங்கள பாப்போம், ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்துல 1943ல பொறந்து இங்க பேர் வாங்கின சையத் தாஜுதீன், துணியில மெழுகு வச்சு சாயம் போடற பாத்திக் ஓவியத்துக்கு பேர் போன பினாங்கு சுவா தியன் தெங். இவங்க படத்துக்கு உரிமை இருக்கறதால அடிக்காம ஸ்க்ரீன்லயே பாத்துக்கறோம்.

வரையறதுக்கு பாடம் ரொம்ப வேண்டியதில்ல, பொருள் வேணும். ஒரு ரப்பர் கொட்டய எடுத்து வெள்ளத் தாள் மேல வைங்க. பழுப்புல வெள்ளியா மின்னும், அதுல கறுப்பா கோடும் புள்ளியும், ரெண்டு கொட்ட ஒரே மாதிரி இருக்காது. பத்து நிமிசம் பாத்து வரையச் சொல்லுங்க, அடுத்த வாரம் அதையே திரும்ப. மொத வாரம் என் மக ஒரு முட்ட வரைஞ்சா, மூணாவது வாரம் கோட்ட எண்ண ஆரம்பிச்சிட்டா. (வாயில வைக்க விடாதீங்க, பச்சக் கொட்டையில விஷம் இருக்கு.) ரப்பர் இல தண்டுக்கு மூணு மூணா இருக்கும், பெயிண்ட் தடவி அச்செடுக்க ரொம்ப நல்லா வரும்.

சாமான் பத்தி வேகமா சொல்லிடறேன். பஞ்சோங்கற கம்பெனியோட போஸ்டர் கலர்ல செவப்பு, மஞ்சள், நீலம், வெள்ள நாலு போதும், மத்தத பிள்ளையே கலந்து கண்டுபுடிக்கட்டும். பிரஷ் தட்டையா பெருசு ஒன்னு, உருண்டையா எட்டாம் நம்பர் ஒன்னு. டிராயிங் பிளாக் மெல்லிசா எடுத்தா தண்ணி பட்டதும் சுருண்டுக்கும், அதனால பெயிண்டுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியா வாங்குங்க. ஆயில் பேஸ்டல் ஒரு டப்பா. வெள்ள பேஸ்டல்ல வெள்ளத் தாள் மேல புள்ளி புள்ளியா அழுத்தி வச்சிட்டு மேல நீலத்த தண்ணியா பூசுனா நட்சத்திரம் எல்லாம் தானா வெளிய வரும், ஆபிரகாம நட்சத்திரத்த எண்ணச் சொன்ன கதை படிச்ச அன்னைக்கு அத செஞ்சோம், ஆனா எல்லாக் கதைக்கும் இப்படி ஒரு வேல தேடாதீங்க, அப்படி தேடினா திரும்பவும் பஞ்சு ஒட்டறதுல போயி நிக்கும்.

பக்கத்துல இருக்கறவங்க கோல கங்சார் தாண்டி சாயோங்குக்கு கண்டிப்பா ஒருதடவ போங்க. லாபு சாயோங், அந்த சொரக்கா மாதிரி கறுப்புக் கூஜா அங்கதான் செய்றாங்க, சுட்டு செவசெவன்னு இருக்கறப்பவே எடுத்து நெல்லு உமியில பொதைப்பாங்க, அந்தப் பொகதான் கறுப்பு. நாங்க போனப்போ ஒரு அம்மா செஞ்சுக்கிட்டிருந்த கூஜாவோட கழுத்து சாஞ்சிடுச்சு, அவங்க ஒன்னும் பேசல, அப்படியே அமுக்கி உருண்டையாக்கி மறுபடி தொடங்கினாங்க. எரேமியா 18ல குயவன் வீட்டுல நடக்கறது அப்படியே அதுதான். வீட்டுக்கு வந்துதான் அந்த அதிகாரத்த படிச்சேன், பாதியிலயே மக, "அம்மா அந்த ஆன்ட்டி!"ன்னு கத்திட்டா.

எங்க அட்டவணைய கேக்கறவங்களுக்கு: பைபிள் வாரத்துக்கு நாலு நாளு, பசியாறுன கையோட பதினஞ்சு நிமிசம். படம் பாக்கறது திங்கக்கிழம பத்து நிமிசம், வரையறது ரெண்டு நாளு சாயங்காலம், நேரம் பாக்கறதில்ல. வெள்ளிக்கிழம மக கதைய தாத்தாவுக்கு சொல்லணும்.

ஒரு விசயம் மறந்துடாதீங்க, மலேசியாவுல 2003லேருந்து ஆரம்பப்பள்ளி கட்டாயம், 1996 கல்விச் சட்டத்துல 29ஏ பிரிவு, மீறினா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோ. ஒண்ணாம் வகுப்பு வயசுக்கப்பறமும் வீட்டுலயே வைக்க நெனச்சா கல்வி அமைச்சுகிட்ட விலக்கு வாங்கணும், வயசு விதியெல்லாம் மாறிக்கிட்டு வருது, அதனால மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நேர்லயே போயி கேளுங்க, வாட்ஸாப்ல வர்றத நம்பாதீங்க.

வரைஞ்சத தூக்கிப் போடாதீங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு தாள் பூசணம் புடிச்சிடும், கரையானும் வரும், அதனால நான் பெரிய பிஸ்கட் டின்னுல போட்டு, வாங்கற புதுப் பையில வர்ற அந்த சின்ன சிலிக்கா பாக்கெட்டுங்கள சேத்து அடியில வைக்கறேன். ஒவ்வொன்னு பின்னாடியும் தேதியும் அவ சொன்னதையும் பென்சில்ல அவ வார்த்தையிலயே எழுதிடுவேன். அந்தக் கறுப்புத் தாளுக்குப் பின்னாடி வெள்ள பென்சில்ல இருக்கறது, "இவர கடைசியா கூப்டாங்க, அதான் லைட்டு பெருசா இருக்கு, தூரத்துலேருந்தே தெரியணும்ல."